யானையைக் குடுக்கற மூவ வெச்சு எஞ்சினை டெஸ்ட் பண்றது எப்படி? ரிசல்ட் ஒவ்வொரு ரன்னுக்கும் மாறுது

கட்டம்64:

வணக்கம் மக்களே, இங்க செஸ் எஞ்சின் (செஸ் ஆடற ப்ரோக்ராம்) டெஸ்டிங் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்கறேன். பொசிஷனல் சாக்ரிஃபைஸ் வர்ற பொசிஷனா தேடிப் பிடிச்சு ஒரு ஃபைல்ல சேர்த்துட்டு வர்றேன், அதை ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினோட பழைய வெர்ஷன் ஒண்ணு, இப்ப இருக்கற வெர்ஷன், அப்புறம் லீலா (நியூரல் நெட்வொர்க்ல ஓடற இன்னொரு எஞ்சின்), மூணுத்துக்கும் குடுத்துப் பாக்கறேன். அஞ்சாவது மூவ்ல மேட் ஆகற மாதிரி சாக்ரிஃபைஸ் இல்லைங்க, அதெல்லாம் இப்ப போன்ல இருக்கற எஞ்சினே கண் மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிடுது. காயைக் குடுத்துட்டு பத்து பதினஞ்சு மூவுக்கு ஒண்ணுமே திரும்பக் கிடைக்காம, நல்ல கட்டம், எதிராளியோட மட்டமான பிஷப், மூடின ஃபைல் இதை மட்டும் நம்பி ஆடறோம் பாருங்க, அந்த வகை.

இதுல எனக்கு ரெண்டு குழப்பம். முதல்ல, ஒரே எஞ்சின் ஒரே பொசிஷன் ஒரே ஒரு நிமிஷம், காலைல ஓட்டினா சட்டுன்னு கண்டுபிடிக்குது, சாயங்காலம் ஓட்டினா நிமிஷம் முடியற வரைக்கும் வேற மூவைப் பிடிச்சுட்டே உக்காந்துருக்கு. 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற தேடல்), ஹேஷ் (பாத்த பொசிஷனை எஞ்சின் ஞாபகம் வெச்சுக்கற மெமரி) டீஃபால்ட்ல இருக்கற 16 எம்பி, மல்டிபிவி (எத்தனை நல்ல மூவைக் காட்டணும்ங்கறது) 4 வெச்சுருக்கேன். ரெண்டாவது, 1953 சூரிச் கேண்டிடேட்ஸ்ல ரெஷெவ்ஸ்கிக்கு எதிரா பெட்ரோசியன் ஆடின 25வது மூவ், யானை ஈ6, நிறைய புக்ல அற்புதமான மூவ்னு ஆச்சரியக்குறி போட்டிருக்கும், அதைப் பழைய வெர்ஷன் ஆடுது, புது வெர்ஷன் வேற ஏதோ ஆடுது. அப்ப பொசிஷனல் விஷயத்துல பழசுதான் பெட்டரா? ரேட்டிங்ல புதுசு எவ்வளவோ மேல இருக்கு, அதான் புரியல.

பழையயானை:

தம்பி, முதல் குழப்பத்துக்கு நான் சொல்றேன். மாறாம இருந்தாத்தான் ஆச்சரியப்படணும். 8 த்ரெட் ஓடும்போது எல்லாம் ஒரே ஹேஷ் டேபிள்லதான் எழுதுது படிக்குது, எந்த த்ரெட் எந்த நேரத்துல எதை எழுதிச்சுங்கறது ஒவ்வொரு ரன்னுக்கும் மாறும், அதுக்கேத்த மாதிரி சர்ச் ட்ரீயே வேறயா வளரும். ஒரே பதில் வேணும்னா ஒரு த்ரெட் வெச்சு, நேரம் குடுக்காம நோட் (எஞ்சின் தேடிப் பாக்கற பொசிஷன்) கணக்கு குடுங்க, பத்து கோடி நோட்னா பத்து கோடி நோட். அப்ப எத்தனை தடவை ஓட்டினாலும் அச்சு அசலா அதேதான் வரும். இல்ல எனக்கு நிஜமா அனலைஸ் பண்ற மாதிரி 8 த்ரெட்லயே வேணும்னா, ஒவ்வொரு பொசிஷனையும் பல தடவை ஓட்டி எத்தனைல கண்டுபிடிக்குதுன்னு விகிதமா எழுதி வைங்க, ஒரு ரன்னை வெச்சு முடிவு கட்டாதீங்க.

ஹேஷ் 16 எம்பிங்கறது ரொம்பக் கம்மி. 8 த்ரெட்ல செகண்டுக்குப் பல லட்சம் நோட் ஓடும், டேபிள் சீக்கிரமே நிரம்பி பழசை அழிச்சு அழிச்சு எழுதும், சாக்ரிஃபைஸ் லைன்ல ஆழமாப் போய்க் கண்டுபிடிச்ச விஷயமே காணாமப் போயிடும். 2017 கடைசில கூகுள் டீப்மைண்டோட ஆல்ஃபாஸீரோ எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ்ஷோட 100 கேம் ஆடி 28 ஜெயிச்சு 72 டிரா பண்ணுச்சே, அப்ப ஸ்டாக்ஃபிஷ்க்கு 64 த்ரெட் குடுத்துட்டு ஹேஷ் 1 ஜிபிதான் குடுத்தாங்கன்னு எவ்வளவு சண்டை நடந்துச்சு. அடுத்த வருஷம் வெளிவந்த பேப்பர்ல 32 ஜிபி ஹேஷ் குடுத்து 1000 கேம் ஆடவெச்சாங்க, அதுல 155 ஜெயிச்சு 6 தோத்துச்சு. ஸெட்டிங் முக்கியம்னு சொல்றதுக்கு இதைச் சொல்றேன்.

இன்னொண்ணு, பொசிஷனுக்குப் பொசிஷன் ஹேஷை க்ளியர் பண்றீங்களா? நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. கேமை முன்னாடி பின்னாடி ஓட்டிப் பாத்துட்டு அப்படியே திரும்ப வந்து எஞ்சினைப் போட்டா, முன்னாடி பாத்த லைனோட ஸ்கோர் ஹேஷ்லயே இருக்கும், எஞ்சின் தானா கண்டுபிடிச்ச மாதிரி காட்டும். ஒவ்வொரு பொசிஷனுக்கும் முன்னாடி நியூ கேம் கமாண்ட் அனுப்பிடுங்க.

மல்டிபிவி 4ஐ டெஸ்ட்டுக்கு எடுத்துடுங்க, ஒண்ணா வைங்க. நாலு மூவுக்கும் சரியான ஸ்கோர் தேடணும்னா வேலை கூடும், ஆழம் குறையும். ஆனா சில பொசிஷன்ல மல்டிபிவி வெச்சாத்தான் சாக்ரிஃபைஸ் வெளிய வரும், ஏன்னு கேட்டீங்கன்னா அதுக்கு எஞ்சின் எப்படித் தேடுதுன்னு தெரிஞ்சுக்கணும். எஞ்சின் எல்லா மூவையும் ஒரே ஆழத்துக்குப் பாக்கறதில்ல. நல்லதுன்னு தோணற மூவை வரிசைல முன்னாடி வைக்கும், யானையை பிஷப்புக்கு முன்னாடி கொண்டுபோய் வைக்கற மூவெல்லாம் பார்த்த உடனே நஷ்டம்னு தெரியறதால வரிசைல கடைசிக்குப் போயிடும். கடைசில இருக்கற மூவை ஆழம் குறைச்சுப் பாக்கும், அந்தக் குறைஞ்ச ஆழத்துல நஷ்டம் மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது, சரி இது வேணாம்னு தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிடும். ஸ்க்ரீன்ல டெப்த் 35ன்னு காட்டுதுன்னு வைங்க, அது முன்னாடி இருக்கற மூவோட டெப்த். நீங்க தேடற சாக்ரிஃபைஸை எஞ்சின் அதுல பாதி ஆழம்கூடப் பாத்திருக்காம இருக்கலாம். மல்டிபிவி வெச்சா அந்தக் கடைசி மூவும் உள்ள வர வாய்ப்பு கிடைக்குது, அவ்வளவுதான்.

சதுரங்கி:

பழையயானை அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஸெட்டிங் பத்தி நான் ஒண்ணும் சேர்க்கல. என்னோட கவலை வேற, அந்த ஃபைல்ல இருக்கற பொசிஷனே டெஸ்ட்டுக்குத் தகுதியானதாங்கறதுதான். ஏன்னா நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விக்கு பதில் எஞ்சின்ல இல்ல, பொசிஷன்லதான் இருக்கு.

பெட்ரோசியன் பொசிஷனையே எடுத்துப்போம். போர்டுல வெச்சுப் பாருங்க. வெள்ளைக்கு டி4லயும் ஈ5லயும் ரெண்டு சிப்பாய் சேர்ந்து நிக்குது, ஜி4ல பிஷப், ஈ3 ஈ1ல யானைங்க, ராணி எஃப்4ல. எந்த நேரமும் ஈ6 தள்ளி எல்லாத்தையும் திறந்துடலாம். கருப்போட குதிரை சி6ல இருக்கு, அதுக்குத் தங்கமான இடம் டி5, அங்க போய் நின்னா துரத்தறதுக்கு வெள்ளைகிட்ட சி சிப்பாயும் ஈ சிப்பாயும் தோதா இல்ல, சி3ல இருக்கறது கருப்போட சி4 சிப்பாய் அடைச்சதால நகராது, ஈ சிப்பாய் ஏற்கனவே ஈ5 தாண்டிடுச்சு. ஆனா சி6லேருந்து டி5 போகணும்னா ஈ7 வழியாப் போகணும், அந்த ஈ7ல கருப்போட சொந்த யானை நிக்குது. அதுக்கு பெட்ரோசியன் பண்ணது, யானையை ஈ6ல வெச்சார், பிஷப் வெட்டற கட்டத்துல. ஒரே மூவ்ல ஈ7 காலியாச்சு, வெள்ளையோட ஈ சிப்பாயும் அடைபட்டுச்சு. ரெஷெவ்ஸ்கி உடனே வெட்டல, ஏ4 ஆடினார், குதிரை ஈ7 வந்துச்சு, அப்புறம்தான் பிஷப் ஈ6ல வெட்டினார், சிப்பாய் திரும்ப வெட்டுச்சு, குதிரை டி5 போய் உக்காந்துச்சு. டி5 குதிரைக்கு ஈடா மாத்திக்கக்கூடிய ஒரே சின்ன காய் அந்த வெள்ளைக்கட்ட பிஷப், அது யானையை வெட்டப் போனதுல போர்டை விட்டே போயிடுச்சு. மிச்சம் இருந்த பி2 பிஷப் தன்னோட சிப்பாய்க்கு பின்னாடியே மாட்டிக்கிச்சு. கருப்போட பிஷப் டி3க்கு வந்ததும் ரெஷெவ்ஸ்கியே யானையைத் திருப்பிக் குடுத்துட்டார். 41 மூவ்ல டிரா.

எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத மூவ் இது. ஆனா டெஸ்ட்ல போடும்போது நாம கேக்க வேண்டியது வேற: இந்த மூவ் ஆடலேன்னா கருப்பு தோத்துடுமா? வேற ஒரு மூவ்லயும் பொசிஷன் தாங்கும்னா, புது வெர்ஷன் அந்த வேற மூவை ஆடினதுக்கு சைபர் போடறது நியாயமே இல்ல. கருப்புக்கு கொஞ்சம் மட்டமான பொசிஷன்ல தப்பிக்கறதுக்கு ஆடின மூவ் இது, ஜெயிக்கறதுக்கு ஆடினதில்ல. அதனால நான் பண்றது என்னன்னா, ஈ6 மூவை மட்டும் தேடச் சொல்லி சர்ச்மூவ்ஸ் கமாண்ட்ல கட்டாயப்படுத்தி அதே நோட் கணக்குக்கு ஓட்டுவேன், அப்புறம் எஞ்சின் தானா பிடிச்ச மூவையும் அதே கணக்குக்கு ஓட்டுவேன். ரெண்டு எவாலும் (எஞ்சின் பொசிஷனுக்குப் போடற மதிப்பு) ஒட்டி ஒட்டி வந்தா அந்தப் பொசிஷன்ல சரியான பதில் ஒண்ணுதான்னு சொல்ல முடியாது, ஃபைல்லேருந்து எடுத்துடுவேன், இல்லேன்னா வேற லிஸ்ட்ல போடுவேன். கட்டாயப்படுத்தினதுக்கு அப்புறம் எவால் நிஜமா நல்லா மேல ஏறுச்சுன்னா, எஞ்சின் பாக்காமத் தவற விட்டுச்சுன்னு அப்பத்தான் அர்த்தம்.

இன்னும் மோசமான கேஸும் இருக்கு. 1985 மாஸ்கோ வேர்ல்ட் சாம்பியன்ஷிப் 16வது கேம், கார்போவுக்கு எதிரா காஸ்பரோவ் சிசிலியன்ல 8வது மூவ்லயே டி5 தள்ளி சிப்பாயைக் குடுத்தார், அப்புறம் டி3ல வந்து உக்காந்த குதிரை கார்போவோட மொத்தப் படையையும் மூச்சுத் திணற வெச்சுச்சு. அந்த கேமை யாரும் மறக்க மாட்டாங்க. ஆனா அடுத்த வருஷம் 1986ல பிரஸ்ஸல்ஸ்ல அதே லைன் வந்தப்ப கார்போவ் வான் டெர் வீலுக்கு எதிரா 12வது மூவ்ல பிஷப் ஈ3 ஆடிக் காட்டினார், அந்த கேம்பிட்டே அதோட ஓரங்கட்டப்பட்டுச்சு. டி5தான் சரியான பதில்னு ஒருத்தர் டெஸ்ட் ஃபைல்ல போட்டா, நல்ல எஞ்சின்தான் அதுல ஃபெயில் ஆகும்! கேம் அழகா இருக்குங்கறதுக்காக ஃபைல்ல சேர்க்கக் கூடாது, அந்த மூவை எப்பவும் தனியாச் சோதிக்கணும்.

மதுரைமேட்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி பொசிஷன் டெஸ்ட்டை நான் சுத்தமா நம்பறதில்ல. ஸ்டாக்ஃபிஷ் டீமே பொசிஷன் ஃபைலை வெச்சு பேட்ச்சை (கோட்ல பண்ற மாற்றத்தை) ஏத்துக்கறதில்ல, 2013லேருந்து ஃபிஷ்டெஸ்ட்னு ஒண்ணு ஓடுது, உலகம் முழுக்க ஆளுங்க தங்களோட கம்ப்யூட்டரை குடுக்கறாங்க, பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் ஆயிரக்கணக்குல கேம் ஆடுது, முதல்ல 10 செகண்ட் கேம், அதுல தாண்டினா 60 செகண்ட் கேம், புள்ளிவிவரப்படி நிஜமா பலம் கூடிருக்குன்னு தெரிஞ்சாத்தான் உள்ள எடுத்துப்பாங்க. ஏன் அப்படின்னா ஒரு சாக்ரிஃபைஸ் பொசிஷனைக் கண்டுபிடிக்கணும்னு எஞ்சினை முறுக்கினா மத்த நூறு பொசிஷன்ல அது காயை வீணாக் குடுக்கும், இல்லேன்னா எல்லா மூவையும் ஆழமாப் பாக்கப் போய் ஸ்லோ ஆயிடும். ஆழம் குறைச்சுப் பாக்கறதை நிறுத்திட்டா பெட்ரோசியன் மூவை வேணா பிடிக்கலாம், ஆனா கேம்ல தோக்கும். அதனால பழைய வெர்ஷன் ஈ6 ஆடுச்சுன்னா அது தற்செயலாக்கூட இருக்கலாம், பழைய எவால்ல ஏதோ ஒரு நம்பர் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும், அதைப் போய் புரிதல்னு சொல்ல முடியாது.

கட்டம்64:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா மாத்திட்டு இருக்கேன். ஒரு த்ரெட், நோட் கணக்கு, ஹேஷ் 1 ஜிபி வெச்சதுக்கே ரிசல்ட் அசையாம நிக்குது.

மதுரைமேட் ப்ரோ, நீங்க சொல்றது எஞ்சின் எழுதறவங்களுக்கு சரி. எனக்கு வேண்டியது எந்த எஞ்சின் பலமானதுங்கறது இல்ல, அது ரேட்டிங் லிஸ்ட் பார்த்தாலே தெரியும். நான் கரெஸ்பாண்டன்ஸ் (நாள் கணக்குல யோசிச்சு மூவ் அனுப்பற செஸ்) ஆடறேன், அதை நடத்தற ஐசிசிஎஃப் அமைப்புல எஞ்சின் அலவ்டு, எதிராளியும் அதே ஸ்டாக்ஃபிஷ்தான் போடுவார், நானும் அதேதான் போடுவேன், அப்ப வித்தியாசம் எங்கேருந்து வரும்? எஞ்சின் முதல் பார்வைல தள்ளிவிடற மூவ் எதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் அங்க நான் கட்டாயப்படுத்திப் பாக்க முடியும். எந்த மாதிரி இடத்துல எஞ்சினுக்குக் கண் மறைக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த டெஸ்ட். அதே காரணத்துக்குத்தான் லீலாவும் போடறேன், ஆனா அது சில பொசிஷன்ல முதல் செகண்ட்லயே சாக்ரிஃபைஸைச் சொல்லுது, சிலதுல மணிக்கணக்கா விட்டாலும் அந்த மூவைத் தொடறதே இல்ல. அது ஏன்?

நரம்புவலை:

லீலா கேள்விக்கு நான் வர்றேன். லீலா தேடற முறையே வேற, ஒவ்வொரு பொசிஷனுக்கும் அதோட நெட்வொர்க் ரெண்டு விஷயம் சொல்லும், இந்தப் பொசிஷன் எவ்வளவு நல்லதுன்னு ஒண்ணு, எந்தெந்த மூவ் பாக்கத் தகுந்ததுன்னு சதவீதமா இன்னொண்ணு. அந்த ரெண்டாவதைத்தான் பாலிசின்னு சொல்றோம். சாக்ரிஃபைஸுக்கு பாலிசி 20 சதவீதம் குடுத்துச்சுன்னா உடனே அங்க போய்ப் பாக்கும், நெட்வொர்க்குக்கு அந்த மாதிரி நஷ்டஈடு நல்லாத் தெரியும், எவாலும் சட்டுன்னு நல்லா வரும், நீங்க முதல் செகண்ட்லயே பார்த்தது அதான். பாலிசி அரை சதவீதம்தான் குடுத்துச்சுன்னா அந்த மூவுக்கு விசிட்டே போகாது, ஒண்ணு ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டு, பிடிக்கலேன்னா நெடு நேரம் திரும்ப வராது. அதனால லீலா ரிசல்ட்டை எழுதும்போது வெறும் கண்டுபிடிச்சுச்சா இல்லையான்னு எழுதாதீங்க, அந்த மூவோட பாலிசி எத்தனை, எத்தனை விசிட் போச்சு, மூவை ஆடி வெச்சதுக்கு அப்புறம் எவால் என்ன, மூணையும் எழுதுங்க. பாலிசி கம்மி ஆனா ஆடி வெச்சா எவால் சூப்பர்னா அது தேடல்ல இருக்கற குறை, சீபக்ட் அல்லது பாலிசி டெம்ப்ரேச்சர்ங்கற ஸெட்டிங்கைக் கொஞ்சம் ஏத்தினா அந்த மூவ் வெளிய வரும். ஆடி வெச்சும் எவால் கீழயே இருந்தா அது நெட்வொர்க்குக்கே புரியல.

ஸ்டாக்ஃபிஷ்லயும் இதே மாதிரி ரெண்டாப் பிரிக்கலாம். 2020 செப்டம்பர்ல வெர்ஷன் 12ல என்என்யூஈ (எவால் போடற சின்ன நியூரல் நெட்வொர்க்) வந்ததுலேருந்து எவால் பக்கம் எவ்வளவோ தேறிடுச்சு, பின்னாடி லீலா டேட்டாவை வெச்சே அதோட நெட்டைப் பழக்கினாங்க. அதுக்கு முந்தின வெர்ஷனோட எவால் நம்பரை இப்ப வர்ற நம்பரோட நேரா ஒப்பிடவே கூடாது, 15.1லேருந்து ஒண்ணு பிளஸ்னா ஜெயிக்க 50 சதவீத வாய்ப்புன்னு அளவையே மாத்திட்டாங்க. ஜெயிப்பு, டிரா, தோல்வி சதவீதம் காட்டற ஆப்ஷனைப் போட்டுக்கோங்க, சாக்ரிஃபைஸ் பொசிஷனுக்கு அதுதான் உருப்படியான தகவல் குடுக்கும்.

சதுரங்கி:

கட்டம்64, ஃபைலை எப்படிப் பிரிக்கலாம்னு என்னோட யோசனை. ஒரே பதில் இருக்கற பொசிஷன் தனி. அதுக்கு நல்ல உதாரணம் 1998 லினாரெஸ், டோபலோவ் ஷிரோவ், 47வது மூவ் பிஷப் எச்3. கருப்புக்கு ரெண்டு சிப்பாய் அதிகம், ஆனா எதிரெதிர் நிற பிஷப், சாதாரணமா ஆடினா டிரா. ஏ4லயும் டி5லயும் கருப்போட பாஸ்டு சிப்பாய்ங்க (தடுக்க எதிராளியோட சிப்பாய் முன்னாடி இல்லாதது), ராஜா ஈ6ல, அது எஃப்5 வழியா ஈ4 போகணும், எஃப்5ல சொந்த பிஷப்பே நிக்குது. பிஷப் சும்மா நகர்ந்தா வெள்ளை ராஜா எஃப்2, ஈ3ன்னு வந்து வழியை அடைச்சுடும். எச்3 போனா ஜி2 சிப்பாயைத் தாக்குது, வெள்ளை அந்த பிஷப்பை வெட்டினா, வெட்டற நேரத்துல கருப்பு ராஜா எஃப்5, அடுத்து ஈ4, ஒரே ஒரு மூவ் முந்திடுச்சு! வெள்ளை வெட்டாம ராஜாவைக் கொண்டு வந்தாலும் பிஷப் ஜி2ல விழுந்து அதே ராஜாவை இழுத்துடும். எஃப்6 சிப்பாய் போனாக்கூடப் பரவாயில்லன்னு டி4 தள்ளி ராஜா டி3, சி4, பி3, அங்க டோபலோவ் ரிசைன். முழு பிஷப்பையும் ஒரு டெம்போவுக்காக (ஒரு மூவ் முந்தறதுக்காக) மட்டும் குடுத்த மூவ், அந்தக் காலத்து எஞ்சினெல்லாம் இதுல திணறிச்சு. இதை ஓட்டும்போது டேபிள்பேஸை (கொஞ்சம் காய் மட்டும் இருக்கற பொசிஷனுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு வெச்ச விடைங்க) கட்டாயம் ஆஃப் பண்ணுங்க, போர்டுல மொத்தம் 10 காய்தான், ரெண்டு மூணு வெட்டு ஆனா டேபிள்பேஸ் எல்லைக்குள்ள வந்துடும், அப்ப நீங்க டெஸ்ட் பண்றது எஞ்சினை இல்ல, ஹார்டு டிஸ்க்கை.

ரெண்டாவது வகை, பல பதில் இருக்கறது. அதுக்கு மார்க்கைப் பிரிச்சுக் குடுங்க. டான் கார்பிட்டும் நம்ம சுவாமிநாதன் நடராஜனும் சேர்ந்து போட்ட ஸ்ட்ரேட்டஜிக் டெஸ்ட் சூட்ல அப்படித்தான், 15 தலைப்பு, தலைப்புக்கு 100 பொசிஷன், சிறந்த மூவுக்கு 10 மார்க், கிட்டத்தட்ட அதே தரத்துல இருக்கற மூவுக்கும் கொஞ்சம் மார்க் உண்டு. 1982ல வந்த பிராட்கோ கோபெக் டெஸ்ட்ல 24 பொசிஷன்தான், அதுல பாதி சிப்பாய் உடைக்கற மூவுங்க, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், இப்ப பழகிப் போச்சு.

மூணாவது வகைக்குத்தான் நான் ரொம்ப நேரம் செலவு பண்றேன், பெட்ரோசியன் ஈ6 மாதிரி, எவால் வெச்சு தீர்ப்பே சொல்ல முடியாதது. அதுக்கு மூவைக் கண்டுபிடிச்சுச்சான்னு கேக்கறதை விட்டுட்டு, சாக்ரிஃபைஸ் ஆடி முடிச்ச பொசிஷன்லேருந்து ரெண்டு எஞ்சினையும் மோத விடுங்க, பக்கம் மாத்தி மாத்தி. யானை குடுத்த பக்கத்தை எந்த எஞ்சின் நல்லா ஆடுது, யானை வாங்கின பக்கத்துல எது தடுமாறுதுன்னு அதுல தெரியும். மதுரைமேட் கேக்கற கேம் டெஸ்ட்டும் இதுல வந்துடுது.

மதுரைமேட்:

இது ஓகே, இதை நான் ஏத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு பொசிஷன்லயும் நிறைய கேம் ஓட்டணும், ஒரே மாதிரி கேம் வராம இருக்க நோட் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி விடுங்க, பத்து இருபது கேம்ல எந்த முடிவுக்கும் வராதீங்க.

பழையயானை:

சதுரங்கி சொன்னதோட, எதிர்ப் பக்கத்தையும் சேர்த்துக்கோங்க, சாக்ரிஃபைஸை வாங்கக் கூடாத பொசிஷன். 1970 ஷில்டேல ஹசாய்னு ஒரு இளம் பிளேயர் அர்ஷக் பெட்ரோசியனுக்கு (மேல சொன்ன டிக்ரான் பெட்ரோசியன் இல்ல, வேற ஆள்) ராணியை நீட்டினார், அவர் வெட்டிட்டார், போர்டு முழுக்க பூட்டின மாதிரி ஆகி ராணி உள்ள நுழையவே வழியில்லாம டிரா. ராணி கூட இருக்கும்போது எவால் பெருசா காட்டத்தான் செய்யும், ஆனா வெட்டின பக்கத்துக்கு எஞ்சினைப் போட்டு ஐம்பது மூவ் ஆட விட்டு, அந்த நம்பர் இறங்குதா இல்ல அப்படியே நிக்குதான்னு பாருங்க. இப்படி எதிராளி உள்ள நுழைய முடியாத கோட்டை கட்டற சாக்ரிஃபைஸுக்கு வேற எந்த டெஸ்ட்டும் வேலைக்காகாது.

கட்டம்64:

மூணு ஃபைலாப் பிரிச்சுட்டேன், கோட்டைக்கு நாலாவது ஒண்ணு. காஸ்பரோவ் டி5ஐ எடுத்துட்டேன், ஷிரோவ் முதல் ஃபைல்ல. பெட்ரோசியன் ஈ6ல ரெண்டு வெர்ஷனையும் மோத விட்டு இன்னிக்கு நைட்டு ஓட ஆரம்பிச்சுடும், கேமெல்லாம் இங்கயே போடறேன். மூணாவது ஃபைலுக்கு இன்னும் பொசிஷன் வேணும், யார்கிட்ட இருந்தாலும் சொல்லுங்க.

சதுரங்கி:

1958 ரிகா, சோவியத் சாம்பியன்ஷிப், டால் பெட்ரோசியன், 31வது மூவ் யானை எஃப்4. டால் பிஷப்பால வெட்டினதும் கருப்போட ஈ5 சிப்பாய் எஃப்4க்குப் போயிடுது, காலியான ஈ5ல குதிரை வந்து உக்காருது. இதுவும் டிராவாத்தான் முடிஞ்சுச்சு, அதனால கண்டிப்பா மூணாவது ஃபைல்லதான் போடணும். வெட்டின உடனே இருக்கற பொசிஷன்லேருந்து ஆரம்பிங்க, அதுக்கு முன்னாடிலேருந்து இல்ல, இல்லேன்னா எஞ்சின் வேற மூவைப் பிடிச்சுட்டு நீங்க பாக்க நினைக்கற ஆட்டமே வராது.